எம்பிரிக்கல் கர்வுக்கும் தியரி கர்வுக்கும் நடுவுல ஷேட் பண்றது எப்படி: முழு வழிகாட்டி

கையில இருக்கிற டேட்டா நாம நினைச்ச டிஸ்ட்ரிபியூஷன்ல இருந்து எங்க விலகுது, எந்தப் பக்கம் விலகுது, எவ்ளோ விலகுதுன்னு ஒரே படத்துல காட்டணும்னா டேட்டாவோட கர்வ் (எம்பிரிக்கல்), நாம நினைச்ச டிஸ்ட்ரிபியூஷனோட கர்வ் (தியரி) ரெண்டையும் போட்டு நடுவுல கலர் அடிக்கிறதுதான் நல்ல வழி. கோட் பார்த்தா பத்து பதினஞ்சு லைன்தான் வரும். ஆனா புதுசா பண்றவங்க நிறைய பேர் தப்பான படத்த சரியான படம்னு நம்பி ரிப்போர்ட்ல ஒட்டிடறாங்க, ஏன்னா இதுல தப்பு பண்ணா எர்ரர் எதுவும் வராது, படம் அழகாவே வரும். அதனால ஒவ்வொரு ஸ்டெப்பையும் ஏன் பண்றோம்னு சேர்த்தே சொல்றேன். ஸ்டெப்ஸ் ஆர்டர மாத்தாதீங்க.

பைத்தான வச்சு சொல்றேன், ஆனா லாஜிக் எல்லா டூலுக்கும் ஒண்ணுதான்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

நம்பை, சைபை, மேட்பிளாட்லிப்னு மூணு லைப்ரரி போதும். மேட்பிளாட்லிப் 3.8-லயும் சைபை 1.11-லயும் எம்பிரிக்கல் கர்வுக்குன்னே ரெடிமேட் ஃபங்ஷன் வந்துடுச்சு. கோடு மட்டும் போட அது போதும், ஷேட் பண்ணணும்னா ஒவ்வொரு இடத்துலயும் கர்வோட உயரம் நம்பரா நம்ம கையில இருக்கணும், அதனால நாமளே கணக்கு போடறதுதான் நல்லது.

இன்னொண்ணு, எந்த தியரி டிஸ்ட்ரிபியூஷனோட ஒப்பிடப் போறீங்கன்னு டேட்டாவ பார்க்கறதுக்கு முன்னாடியே யோசிச்சு வையுங்க. மைனஸ் வரவே முடியாத டேட்டாவுக்கு நார்மல் போட்டுட்டு அப்புறம் இடது பக்கம் ஏன் இவ்ளோ கலர் வருதுன்னு கேட்கிறதுல அர்த்தமில்ல. ராண்டம் டேட்டா உருவாக்கி பழகறீங்கன்னா சீட் (seed) நம்பர ஃபிக்ஸ் பண்ணிடுங்க, இல்லன்னா ஒவ்வொரு ரன்னுக்கும் படம் மாறும், எது உங்க மாற்றத்தால வந்தது எது ராண்டமா வந்ததுன்னு பிரிக்கவே முடியாது.

2. குமுலேட்டிவ் கர்வா, டென்சிட்டி கர்வா: முதல்ல முடிவு பண்ணுங்க

நிறைய பேர் நேரா ஹிஸ்டோகிராமும் மணி வடிவ கர்வும் போட்டு நடுவுல ஷேட் பண்ணப் பார்க்கறாங்க. நான் எப்பவுமே குமுலேட்டிவ்ல (ஒவ்வொரு மதிப்பு வரைக்கும் எத்தனை பங்கு டேட்டா சேருதுன்னு காட்டறது) ஆரம்பிக்கத்தான் சொல்வேன். காரணம் சிம்பிள். குமுலேட்டிவ் எம்பிரிக்கல் கர்வுக்கு நாம எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்ல, டேட்டா என்ன சொல்லுதோ அதுதான் கர்வ். டென்சிட்டிக்கு (எந்த இடத்துல டேட்டா எவ்ளோ நெருக்கமா இருக்குன்னு காட்டறது) வந்தா பின் (bin, ஹிஸ்டோகிராமோட ஒரு கட்டம்) அகலம் எவ்ளோ, ஸ்மூத்திங் எவ்ளோன்னு நாம தேர்ந்தெடுக்கணும், அந்தத் தேர்வே ஷேட் ஆகிற இடத்த மாத்திடும். அப்போ படத்துல தெரியற வித்தியாசம் டேட்டாவோடதா நம்ம செட்டிங்கோடதான்னு தெரியாது.

டென்சிட்டிதான் வேணும்னா 10-வது பகுதிக்கு வாங்க, ஆனா 3-ல இருந்து 8 வரைக்கும் ஒரு தடவை படிச்சுட்டு வாங்க.

3. டேட்டாவ சுத்தம் பண்ணுங்க, சார்ட் பண்ணுங்க

காலியா இருக்கிற மதிப்புகள முதல்ல தூக்குங்க, அதுக்கப்புறம்தான் எண்ணிக்கைய எடுக்கணும். நம்பைல சார்ட் பண்ணா காலி மதிப்பெல்லாம் கடைசியில போய் உட்கார்ந்துக்கும், நீங்க மொத்த நீளத்தால வகுத்தீங்கன்னா கர்வ் 1-க்கு ஏறாம 0.94, 0.97-ன்னு எங்கேயாவது நின்னுடும். அத பார்த்துட்டு டேட்டாவோட வால் (ஓரத்துல நீள்ற பகுதி) பெரிசு போலன்னு விளக்கம் வேற எழுதிடுவாங்க.

சார்ட் பண்றத தள்ளிப் போடாதீங்க. 6-ல வர்ற சர்ச்சார்ட்டட் ஃபங்ஷன் (ஒரு மதிப்பு லிஸ்ட்ல எந்த இடத்துல வரும்னு சொல்றது) சார்ட் பண்ண லிஸ்ட்லதான் வேலை செய்யும், பண்ணாத லிஸ்ட்ட குடுத்தா கம்ப்ளெயின்ட் எதுவும் பண்ணாம தப்பான பதில குடுத்துட்டுப் போயிடும்.

4. சின்ன டேட்டாவ வச்சு கையால ஒரு தடவை போடுங்க

இந்த ஸ்டெப்ப யாரும் பண்றதில்ல, ஆனா இதப் பண்ணவங்களுக்கு பின்னாடி சந்தேகமே வராது. அஞ்சே அஞ்சு நம்பர் எடுத்துக்குங்க: 2, 3, 3, 5, 9.

எம்பிரிக்கல் கர்வ்னா, ஒரு இடத்துல நின்னு "இதுக்கு சமமா அல்லது கம்மியா எத்தனை பங்கு டேட்டா இருக்கு"ன்னு கேட்கிறது. 2-க்கு முன்னாடி வரைக்கும் 0. சரியா 2-ல 0.2-க்கு தாவும். 3-ல ரெண்டு புள்ளி இருக்கிறதால ஒரே தாவா 0.6. 5-ல 0.8, 9-ல 1. நடுவுல எல்லாம் படுத்த கோடுதான்.

இங்கதான் முதல் பெரிய தப்பு நடக்குது. மேட்பிளாட்லிப்ல ஸ்டெப் பிளாட் போட்டா அதோட டீஃபால்ட் 'ப்ரீ', அதாவது புள்ளிக்கு முன்னாடியே தாவிடும். 3-ல தாவ வேண்டிய படி 2-லயே தாவி நிக்கும், கர்வ் மொத்தமும் ஒரு புள்ளி இடது பக்கம் நகர்ந்துடும். எம்பிரிக்கல் கர்வுக்கு வேண்டியது 'போஸ்ட்'. புள்ளிகள் ஆயிரக்கணக்குல இருந்தா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, 30, 40 புள்ளின்னா நல்லாவே தெரியும்.

இன்னொரு தப்பு, சாதாரண கோடா புள்ளிய புள்ளியோட சேர்த்துடறது. அப்படி சாய்வா சேர்த்தா படி மறைஞ்சுடும், ஷேட் ஆகிற ஏரியாவும் மாறிடும். டேட்டா இல்லாத இடத்துலயும் டேட்டா இருக்கிற மாதிரி காட்டிடும்.

5. தியரி கர்வோட பாராமீட்டர்

நம்ம அஞ்சு நம்பருக்கு எக்ஸ்பொனென்ஷியல் போடுவோம். சராசரி 22-ஐ 5-ஆல வகுத்தா 4.4. தியரி கர்வோட உயரம் 2-ல 0.365, 3-ல 0.494, 5-ல 0.679, 9-ல 0.871 வரும். இந்த நாலு நம்பர பேப்பர்ல எழுதி வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

சைபைல கன்டினியூயஸ் (முழு எண் மட்டும்னு இல்லாத) டிஸ்ட்ரிபியூஷன் எல்லாமே லோக் (கர்வ எவ்ளோ நகர்த்தறோம்), ஸ்கேல் (எவ்ளோ அகலமாக்கறோம்)னு ரெண்டு பாராமீட்டர வச்சுதான் ஓடுது. இதுல மாட்டிக்காதவங்க ரொம்பக் கம்மி. எக்ஸ்பொனென்ஷியலுக்கு ஸ்கேல்னா சராசரி, புத்தகத்துல வர்ற லாம்டா இல்ல, லாம்டாவோட தலைகீழ். நார்மலுக்கு ஸ்கேல்னா ஸ்டாண்டர்ட் டீவியேஷன், வேரியன்ஸ் இல்ல. லாக்நார்மலுக்கு இன்னும் குழப்பம், லாகோட சராசரிய அப்படியே குடுக்கக் கூடாது, அதோட எக்ஸ்பொனென்ஷியல எடுத்து ஸ்கேல்ல குடுக்கணும், லாகோட டீவியேஷன் ஷேப்னு தனியா இருக்கிற பாராமீட்டர்ல போகும். காமா, லாக்நார்மல் மாதிரி 0-ல ஆரம்பிக்கறத ஃபிட் ஃபங்ஷன்ல விடும்போது லோக்க 0-ல ஃபிக்ஸ் பண்ணிடுங்க, இல்லன்னா அது தன்னிஷ்டத்துக்கு ஆரம்பப் புள்ளிய நகர்த்தி வைக்கும், ஃபிட் நல்லா இருக்கிற மாதிரி தெரியும், பாராமீட்டருக்கு அர்த்தம் இருக்காது.

இதோட ஒரு குட்டி விஷயம்: ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு நம்பை மொத்த எண்ணிக்கையால வகுக்கும், பாண்டாஸ் ஒண்ணு கம்மி பண்ணி வகுக்கும். ஒரே டேட்டாவுக்கு ரெண்டு பேர் படம் லேசா வேற வேறயா இருந்தா முதல்ல இதப் பாருங்க.

6. ரெண்டு கர்வுக்கும் ஒரே கிரிட்

மொத்த வேலையிலயும் முக்கியமான ஸ்டெப் இதுதான், கொஞ்சம் நிதானமா படிங்க.

ஃபில் பிட்வீன் ஃபங்ஷன் என்ன பண்ணுதுன்னா, ஒரே எக்ஸ் லிஸ்ட்ட வாங்கிக்கிட்டு ஒவ்வொரு எக்ஸ்லயும் கீழ் உயரம், மேல் உயரம் ரெண்டையும் கேட்கும். எம்பிரிக்கல் கர்வுல 50 புள்ளி இருக்கும், தியரி கர்வுக்கு நீங்க 500 புள்ளி போட்டிருப்பீங்க. நீளம் வேறன்னு எர்ரர் வந்தா அதிர்ஷ்டம். உடனே பலர் தியரிக்கும் 50 புள்ளி போட்டு நீளத்த சமமாக்கிடுவாங்க, எர்ரர் போயிடும், ஆனா எக்ஸ் இடங்கள் வேற வேற, அதனால ஒரு இடத்தோட உயரத்த வேற இடத்தோட உயரத்தோட ஒப்பிட்டுக்கிட்டு இருப்போம். அந்தப் படம் முழுக்க தப்பு.

சரியான வழி, ஒரு பொது கிரிட் உருவாக்கி ரெண்டு கர்வையும் அதுலயே கணக்கிடறது. அந்த கிரிட்ல மூணு வகைப் புள்ளி இருக்கணும்.

முதல்ல, சம இடைவெளில 500 அல்லது 1000 புள்ளி. தியரி கர்வ் வழவழன்னு வர்றதுக்கு இது.

ரெண்டாவது, டேட்டா புள்ளிகளே. தாவல் சரியா அந்த இடத்துல நடக்கணும்.

மூணாவது, ஒவ்வொரு டேட்டா புள்ளிக்கும் மயிரிழை முன்னாடி ஒரு புள்ளி. நம்பைல நெக்ஸ்ட்ஆஃப்டர்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, டேட்டாவையும் மைனஸ் இன்ஃபினிட்டியையும் குடுத்தா கம்ப்யூட்டரால எழுத முடிஞ்ச அடுத்த சின்ன நம்பர தரும். தாவறதுக்கு முன்னாடி இருந்த உயரத்தப் பிடிக்கத்தான் இது, இது இல்லன்னா படி செங்குத்தா வராம சாய்ஞ்சு வரும்.

மூணையும் ஒட்டி, யுனிக் ஃபங்ஷன்ல விட்டா சார்ட்டும் ஆயிடும், டூப்ளிகேட்டும் போயிடும்.

எம்பிரிக்கல் உயரத்துக்கு சர்ச்சார்ட்டட்ல சார்ட் பண்ண டேட்டாவையும் கிரிட்டையும் குடுத்து வர்றத மொத்த எண்ணிக்கையால வகுங்க. சைட் ஆப்ஷன கண்டிப்பா 'ரைட்'னு போடுங்க. டீஃபால்ட் 'லெஃப்ட்', அது "கம்மியா இருக்கிறது எத்தனை"ன்னு மட்டும்தான் எண்ணும், சமமா இருக்கிறத விட்டுடும், நம்ம உதாரணத்துல 2-ல 0.2 வர்றதுக்குப் பதிலா 0 வரும்.

கிரிட் எங்க முடியணும்? டேட்டாவோட மேக்ஸிமத்துல நிறுத்தாதீங்க. தியரி கர்வ் அங்க இன்னும் 1-ஐ தொட்டிருக்காது. நம்ம உதாரணத்துல 9-ல 0.871-தான். சைபைல பிபிஎஃப் ஃபங்ஷன்ல 0.999-ஐ குடுத்தா தியரி கர்வ் அந்த உயரத்த எட்டற இடத்த, அதாவது எங்க நிறுத்தலாம்னு சொல்லும், இங்க அது சுமார் 30.4. டேட்டா மேக்ஸிமம், இந்த நம்பர் ரெண்டுல எது பெரிசோ அது வரைக்கும் போங்க. இடது பக்கமும் 0-ல ஆரம்பிக்காத டிஸ்ட்ரிபியூஷன்னா இதே மாதிரி 0.001-க்குப் பாருங்க.

7. கோடு முதல்ல, கலர் அப்புறம்

கலர் அடிக்காம ரெண்டு கோட்டையும் மட்டும் போட்டு ஒரு தடவை நல்லா பாருங்க. எம்பிரிக்கல் 0-ல ஆரம்பிச்சு 1-ல முடியுதா, படி செங்குத்தா இருக்கா, எங்கயும் கீழ இறங்கலையே, தியரி கர்வ் 1-கிட்ட போகுதா. கலர் வந்துட்டா கண்ணு கலர்லயே நின்னுடும், கோட்டுல இருக்கிற தப்பு தெரியாது.

இப்போ ஷேட். ரெண்டு கலர் வேணும், எம்பிரிக்கல் மேல இருக்கிற இடத்துக்கு ஒண்ணு, தியரி மேல இருக்கிற இடத்துக்கு இன்னொண்ணு. ஒரே கலர்ல அடிச்சா எந்தப் பக்கம் விலகுதுன்னே தெரியாது. நீலமும் ஆரஞ்சும் எடுங்க, சிவப்பு பச்சைய பிரிச்சுப் பார்க்க முடியாதவங்க நிறைய பேர் இருக்காங்க.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, 'வேர்' (where) ஆப்ஷன்ல "எம்பிரிக்கல் தியரிய விட பெரிசு"ன்னு கண்டிஷன் குடுக்கிறது. இப்படிப் பண்ணா 'இன்டர்போலேட்'ட ட்ரூ பண்ண மறக்காதீங்க, இல்லன்னா கர்வ்கள் வெட்டிக்கிற இடத்துல சின்னச் சின்ன வெள்ளை ஓட்டை விழும். கண்டிஷன் ஒரே ஒரு புள்ளியில மட்டும் ட்ரூவா இருந்து ரெண்டு பக்கமும் ஃபால்ஸ்னா அங்க கலரே வராது, ஏன்னா அது பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்டு ட்ரூவுக்கு நடுவுலதான் நிரப்பும்.

எனக்குப் பிடிச்சது ரெண்டாவது வழி. தியரிக்கும், "ரெண்டுல பெரிசு"க்கும் நடுவுல ஒரு கலர். தியரிக்கும், "ரெண்டுல சின்னது"க்கும் நடுவுல இன்னொரு கலர். கண்டிஷனே வேண்டாம், ஓட்டை விழாது, கிரிட் நெருக்கமா இருந்தா வெட்டிக்கிற இடமும் சுத்தமா வரும்.

ஃபில் பிட்வீன்ல 'ஸ்டெப்' ஆப்ஷன் இருக்கே அத போட்டா ஈஸியாச்சேன்னு தோணும். வேண்டாம். அது ரெண்டு கர்வையும் படியாக்கிடும், தியரி கோடு வழவழன்னு போகும் ஆனா கலர் படிக்கட்டா நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல முக்கோணம் முக்கோணமா பிசிறு தெரியும். 6-ல சொன்ன கிரிட் இருந்தா ஸ்டெப் ஆப்ஷன் தேவையே இல்ல, கோட்டுக்கும் சாதாரண பிளாட்டே போதும்.

ஆல்ஃபா (கலர் எவ்ளோ கெட்டியா இருக்கணும்ங்கிறது) 0.3 கிட்ட வைங்க, லைன்விட்த் 0 வைங்க, இல்லன்னா கலரோட ஓரத்துல மெல்லிசா ஒரு கோடு ஓடி மூணாவது கர்வ் மாதிரி தெரியும்.

ஆர் (R) யூஸ் பண்றவங்க பாலிகன் ஃபங்ஷனுக்கு எக்ஸ முன்னாடியும் பின்னாடியும் சுத்தி ஒட்டிக் குடுக்கணும், ஒய்ல (உயரத்துல) முதல் கர்வ் நேரா, ரெண்டாவது கர்வ் தலைகீழா. தலைகீழாக்க மறந்தா படம் நடுவுல முறுக்கிக்கும். எக்செல்ல ஸ்டாக்டு ஏரியா சார்ட் எடுத்து, கீழ "சின்னது" சீரிஸ கலர் இல்லாம வச்சு மேல "வித்தியாசம்" சீரிஸ ஏத்தலாம், ஆனா அங்க கிரிட் சம இடைவெளில இருந்தே ஆகணும்.

8. ஏரியாவ வச்சு படத்த செக் பண்ணுங்க

இதுதான் நான் எல்லாருக்கும் வற்புறுத்திச் சொல்ற ஸ்டெப், ஏன்னா படம் சரியா தப்பான்னு கண்ணால சொல்ல முடியாது, இது நம்பரா சொல்லிடும்.

குமுலேட்டிவ் கர்வ்கள்ல ரெண்டு கலர் ஏரியாவோட வித்தியாசம் எப்பவுமே ரெண்டு சராசரியோட வித்தியாசத்துக்கு சமம். அப்போ தியரியோட சராசரிய டேட்டாவோட சராசரிக்கு சமமா வச்சு ஃபிட் பண்ணியிருந்தீங்கன்னா, நீலமும் ஆரஞ்சும் ஒரே அளவா இருந்தே ஆகணும்.

நம்ம உதாரணத்துல பாருங்க. தியரி மேல இருக்கிற ஏரியா மொத்தம் 0.74. எம்பிரிக்கல் மேல இருக்கிறதும் 0.74. ஆனா கிரிட்ட 9-லயே நிறுத்தியிருந்தா எம்பிரிக்கல் பக்கம் 0.17-தான் வந்திருக்கும், மீதி 0.57 வலது வால்ல இருக்கு. படத்த மட்டும் பார்த்தவங்க "தியரி எப்பவும் டேட்டாவுக்கு மேலயே இருக்கு"ன்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க.

ஏரியா கணக்குக்கு நம்பையோட டிரெப்பிசாய்டு ரூல் போதும், அதே கிரிட், அதே உயரங்கள். ரெண்டும் சமமா வரலைன்னா ஒண்ணு கிரிட் வால வெட்டியிருக்கு, இல்ல ஸ்கேல் தப்பு. சராசரிய வச்சு ஃபிட் பண்ணலைன்னா சமமா வராது, அப்போ வித்தியாசம் சராசரி வித்தியாசத்துக்கு சமமா இருக்கான்னு பாருங்க.

ரெண்டு ஏரியாவையும் கூட்டினா கிட்டத்தட்ட 1.48 வருதே, அதுக்குப் பேர் வாஸர்ஸ்டைன் தூரம். ஒரு மணல் குவியல இன்னொரு குவியல் வடிவத்துக்கு மாத்த சராசரியா எவ்ளோ தூரம் தள்ளணும்ங்கிற மாதிரி. எக்ஸ் நிமிஷத்துல இருந்தா இதுவும் நிமிஷம்தான், அதனால படத்து மூலையில இந்த நம்பர எழுதி வச்சா படிக்கிறவங்களுக்கு நேரடியா புரியும்.

9. பெரிய இடைவெளிய குறிக்கணும்னா

ஷேட்டோட சேர்த்து, ரெண்டு கர்வுக்கும் அதிகபட்ச செங்குத்து இடைவெளி எங்கன்னு ஒரு கோடு போட்டுக் காட்டுவாங்க, அதுதான் கால்மகோரோவ் ஸ்மிர்னோவ் (சுருக்கமா கேஎஸ்) அளவு.

இதுல வழக்கமான தப்பு, தாவினதுக்கு அப்புறம் இருக்கிற உயரத்த மட்டும் பார்க்கறது. எழுதி வச்ச நாலு நம்பர எடுங்க. தாவினதுக்கு அப்புறம் மட்டும் பார்த்தா அதிகபட்ச இடைவெளி 2-ல 0.165. ஆனா 2-க்கு மயிரிழை முன்னாடி எம்பிரிக்கல் 0, தியரி 0.365. அதுதான் உண்மையான அதிகபட்சம், ரெண்டு மடங்குக்கும் மேல. 6-ல போட்ட கிரிட்ல முன் புள்ளியும் இருக்கிறதால, வித்தியாசத்தோட மேக்ஸிமம் எடுத்தாலே சரியா வந்துடும்.

இத டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போறவங்க ஒண்ணு கவனிங்க. அதே டேட்டாவுல இருந்தே பாராமீட்டரையும் எடுத்திருந்தா கேஎஸ் டெஸ்ட் குடுக்கிற பி-வேல்யூ (தியரி சரின்னா இவ்ளோ இடைவெளியோ அதுக்கு மேலயோ தற்செயலா வர்ற வாய்ப்பு) உண்மைய விட பெரிசா இருக்கும், எல்லாம் நல்லா ஃபிட் ஆகுதுன்னு சொல்லிடும். நார்மலுக்கும் எக்ஸ்பொனென்ஷியலுக்கும் ஸ்டேட்ஸ்மாடல்ஸ் லைப்ரரில லில்லிஃபோர்ஸ் டெஸ்ட் இருக்கு. மத்ததுக்கு, ஃபிட் பண்ண டிஸ்ட்ரிபியூஷன்ல இருந்து அதே அளவு சாம்பிள் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொண்ணையும் மறுபடி ஃபிட் பண்ணி, இடைவெளி எவ்ளோ வருதுன்னு பார்த்து ஒப்பிடணும்.

ஷேட் ஆனதெல்லாம் பெரிய விஷயமான்னு காட்ட எம்பிரிக்கல சுத்தி ஒரு 95 சதவீத பட்டை லேசான சாம்பல்ல போடலாம். 100 புள்ளிக்கு மேலயும் கீழயும் 0.136, 1000 புள்ளிக்கு 0.043. 0-க்கு கீழயும் 1-க்கு மேலயும் போறத வெட்டிடுங்க. தியரி பாராமீட்டர முன்கூட்டியே தெரிஞ்சிருந்தாதான் இந்தப் பட்டைக்கு முழு அர்த்தம், ஃபிட் பண்ணதுன்னா இது ரொம்ப தாராளம்.

10. டென்சிட்டில ஷேட் பண்ணணும்னா

ஹிஸ்டோகிராம்ல 'டென்சிட்டி'ய ட்ரூ பண்ணுங்க. இல்லன்னா ஒரு பக்கம் எண்ணிக்கை, இன்னொரு பக்கம் டென்சிட்டி, தியரி கர்வ் தரையோட தரையா ஒட்டிக் கிடக்கும். உயரம் 1-ஐ தாண்டினா பயப்படாதீங்க, ஏரியாதான் 1 ஆகணும், உயரம் இல்ல.

கேடிஇ (ஹிஸ்டோகிராமுக்குப் பதிலா டேட்டாவ வழவழன்னு டென்சிட்டி கர்வா ஆக்கறது) போட்டு ஷேட் பண்றதுல இருக்கிற சிக்கல் பலருக்குத் தெரியறதில்ல. கேடிஇ எப்பவுமே டேட்டாவ கொஞ்சம் பரப்பி விடும். சைபையோட டீஃபால்ட் செட்டிங்ல 100 புள்ளிக்கு ஸ்டாண்டர்ட் டீவியேஷன் சுமார் 7, 8 சதவீதம் கூடிடும். அதாவது டேட்டா அப்பட்டமா நார்மல்ல இருந்து எடுத்ததாவே இருந்தாலும் உச்சியில தியரி மேல நிக்கும், ரெண்டு வால்லயும் கேடிஇ மேல நிக்கும். அந்த ஷேட் ஸ்மூத்திங்கால வந்தது. நியாயமா ஒப்பிடணும்னா தியரியையும் அதே பேண்ட்விட்த்ல (எவ்ளோ பரப்பறோம்ங்கிற அளவு) பரப்பிட்டு ஒப்பிடுங்க, நார்மலுக்கு இது ரொம்ப ஈஸி, வேரியன்ஸோட பேண்ட்விட்த்தோட ஸ்கொயர கூட்டினா போதும். இன்னொண்ணு, மைனஸ் வராத டேட்டாவுக்கு கேடிஇ 0-க்கு இடது பக்கமும் வழியும், அங்கயும் பொய்யா கலர் வரும்.

இங்க ரெண்டு கலரும் எப்பவுமே சமமாத்தான் வரும், ரெண்டு கர்வோட மொத்த ஏரியாவும் 1 இல்லையா. அதனால 8-ல சொன்ன மாதிரி ஸ்கேல் தப்ப இது காட்டிக் குடுக்காது, வால் வெட்டுப்பட்டிருக்கா, டென்சிட்டி போட மறந்தோமாங்கிறத மட்டும்தான் காட்டும்.

11. முழு எண் டேட்டா

பாய்சான், பைனாமியல் மாதிரின்னா தியரியும் படிதான். இங்க மட்டும் ஃபில் பிட்வீன்ல ஸ்டெப்ப 'போஸ்ட்'டா வச்சு, கிரிட்ட முழு எண்களா மட்டும் போட்டா போதும். நடுவுல வழவழன்னு தியரி கோடு வரைஞ்சீங்கன்னா இல்லாத வித்தியாசத்துக்கெல்லாம் கலர் வரும்.

12. சேவ் பண்ணும்போது

ஆல்ஃபா போட்ட படத்த இபிஎஸ் ஃபார்மட்ல சேவ் பண்ணாதீங்க, அதுல டிரான்ஸ்பரன்ஸி கிடையாது, கலர் கெட்டியா அடிச்சு கீழ இருக்கிறத மறைச்சுடும். பிடிஎஃப் அல்லது எஸ்விஜி எடுங்க, படமாத்தான் வேணும்னா பிஎன்ஜி 300 டிபிஐ. லெஜண்ட்ல நாலு பேர் வரணும், ரெண்டு கோடு, ரெண்டு கலர், அதுலயும் கலருக்கு "வித்தியாசம் 1"னு எழுதாம "டேட்டா மேல", "தியரி மேல"ன்னு எழுதுங்க. பாராமீட்டர டேட்டாவுல இருந்து எடுத்தீங்களா வெளியில இருந்து எடுத்தீங்களாங்கிறதையும் படத்துக்குக் கீழ ஒரு வரி போட்டுடுங்க, 9-ல சொன்ன பட்டைய எவ்ளோ தூரம் நம்பலாம்னு படிக்கிறவங்க அத வச்சுத்தான் முடிவு பண்ண முடியும்.